சுவர் வரையக் கடல் தாண்டுகிறவர்களுக்கு

வடசென்னை ராயபுரத்தில் கடல் காற்று படுகிற சுவரில் எதை வரைந்தாலும் மூன்று மழைக்குள் பொரிந்து உதிர்ந்துவிடும். அந்தச் சுவர்களில்தான் நான் தொழில் படித்தேன். பதினாறு வயதில் பேனர் வரைய வந்தவன். ஃபிளெக்ஸ் வந்து அந்தப் பிழைப்பைத் தின்ற பிறகு, பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் பங்கு ஆலயத்து இளைஞர்களோடு மூன்று முறை இலங்கை மலையகத்துக்குப் போய், தேயிலைத் தோட்டங்களில் உள்ள முன்பள்ளிச் சுவர்களில் வரைந்துவிட்டு வந்திருக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் உயிர்ப்புத் திருநாள் (ஈஸ்டர்) முடிந்த கையோடு தண்டையார்பேட்டையிலிருந்தோ பெரம்பூரிலிருந்தோ யாராவது வந்து, "நாங்களும் இப்படி ஒரு பயணம் போகலாமென்று இருக்கிறோம் அண்ணா, எங்கே ஆரம்பிப்பது?" என்று கேட்கிறார்கள். ஆளுக்கு ஆள் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன்.

அழைத்தார்களா?

எல்லாவற்றுக்கும் முன்னால் உள்ள கேள்வி இது. முதல் பயணத் திட்டத்தைப் பங்குப் பேரவையில் சொன்னபோது ஒரு பெரியவர் எழுந்து, "இலங்கைத் தமிழருக்கு உதவ வேண்டுமென்றால் புழல் காவாங்கரையில் அகதிகள் முகாம் இருக்கிறது, கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. இதற்கு விமானம் எதற்கு?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தபோது அவர் கேட்டதில் தவறே இல்லை என்று பட்டது. அவருக்குச் சொல்லக்கூடிய ஒரே நேர்மையான பதில், "அங்கிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள்" என்பதுதான். எங்களுக்கு அந்த அழைப்பு ஓர் அருட்சகோதரி மூலம் வந்தது. தோட்டத்து முன்பள்ளி ஆசிரியை ஒருவர் அவரிடம், பிள்ளைகள் உள்ளே வரப் பயந்து அழுகிறார்கள், சுவரெல்லாம் கரி பிடித்து இருட்டாக இருக்கிறது என்று சொல்லியிருந்தார்.

உங்களுக்கு அப்படி ஓர் அழைப்பு இல்லையென்றால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். முகாமில் வரையலாம், அதற்கு அரசு அதிகாரிகளிடம் முன் அனுமதி வாங்க வேண்டும். உங்கள் தெரு அங்கன்வாடியில் வரையலாம். அழைப்பு இருந்தால், யார் கூப்பிட்டார்கள், எந்தச் சுவர், அந்தக் கட்டடம் யாருடையது என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். மலையகத்தில் மூன்றாவது கேள்வி முக்கியம். அங்கே பல கட்டடங்கள் தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தம். ஆசிரியை சரி என்றாலும் தோட்ட அலுவலகத்தில் துரை கையெழுத்துப் போடாமல் ஒரு கோடுகூடப் போட முடியாது. மேலாளரை அங்கே இன்னமும் துரை என்றுதான் சொல்கிறார்கள்.

உள்ளூரில் ஒரு சுவர்

கடல் தாண்டுவதற்கு முன்னால் இங்கே ஒரு சுவரை முழுமையாக முடித்துக் காட்டாத குழுவை நான் அழைத்துப் போவதில்லை. காசிமேடு பக்கம் சுவர் கிடைத்தால் இன்னும் நல்லது. அதைவிடக் கடுமையான பள்ளிக்கூடம் கிடையாது.

கடலோரச் சுவர் ஏன் பொரிகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சுவருக்குள் இருக்கும் ஈரம் உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வருகிறது. ஈரம் ஆவியாகிவிடும், உப்பு மேலே படிகமாகத் தங்கிவிடும். அந்தப் படிகம்தான் பெயின்டை உள்ளிருந்து நெட்டித் தள்ளுகிறது. புதியவர்கள் உப்புப் பூத்த இடத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவார்கள். கரைந்த உப்பு திரும்பச் சுவருக்குள் போய் உட்காரும், அவ்வளவுதான். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து உதிர்த்து, பட்டித் தகட்டால் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, தூசி தட்டி, அதற்குப் பிறகே பிரைமர். மலையகத்தில் கடல் உப்பு இல்லை. அதற்குப் பதில் பாசியும் பூஞ்சையும் இருக்கின்றன. எதிரி வேறு, காரணம் ஒன்றே: ஈரம்.

ஈரம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு பழைய உத்தி உண்டு. ஒரு முழம் பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டிவிட்டு, மறுநாள் வந்து பாருங்கள். தாளின் உட்பக்கம் வியர்த்திருந்தால் அந்தச் சுவர் இன்னும் தயாராகவில்லை. புதிதாகச் சிமென்டு பூசிய சுவரென்றால் 28 நாட்களாவது காயவிட வேண்டும். அவசரக்காரர்களுக்கு இந்த வேலை ஆகாது. ஆறு வாரப் பயிற்சியில் பாதிப் பேர் தாமாகவே கழன்றுகொள்வார்கள், அதுவும் நல்லதே.

வரைவதில் பெரிய ரகசியம் இல்லை. ஓர் அங்குலக் கட்டம் போட்ட தாளில் படம்; சுவரில் ஓர் அடிக் கட்டம். 20 அங்குலத் தாள் 20 அடிச் சுவராகிவிடும். கட்டம் போட அளவுகோலை வைத்துக்கொண்டு தடுமாறாதீர்கள். நூலில் காவிப் பொடியோ நீலப் பொடியோ தடவி இரண்டு பேர் இரு முனையும் பிடித்துச் சுண்டினால் நேர்கோடு விழும். திரும்பத் திரும்ப வரும் உருவங்களுக்குப் பழுப்புத் தாளில் கோட்டின் மேலேயே ஊசியால் துளை போட்டு, துணியில் கட்டிய கரித்தூளால் ஒற்றி எடுங்கள். சினிமா பேனர் காலத்துக் கைவேலை இது. தாள், நூல், டேப் எல்லாம் பாரிமுனையில் ஆண்டர்சன் தெருவையும் அதைச் சுற்றியுள்ள தெருக்களையும் ஒரு மணி நேரம் சுற்றினால் கிடைத்துவிடும். வெயிலில் அலைந்த பிறகு கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு தட்டு அத்தோ நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு வரலாம். அந்த உணவைக் கொண்டுவந்தவர்கள் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள். எந்தத் தமிழர் எந்த நாட்டிலிருந்து எப்படித் திரும்ப நேர்ந்தது என்பதைப் பிள்ளைகளோடு பேச அது நல்ல இடம்.

எதை வரைவது?

இந்த இடத்தில்தான் நாங்கள் முதல் முறை சறுக்கினோம். சென்னையிலேயே படத்தை முடிவு செய்துவிட்டோம். நல்ல ஆயனாக இயேசுவின் உருவம், சுற்றிலும் ஆடுகள், பின்னால் கடல், கட்டுமரம், கலங்கரை விளக்கம். மீனவரான ராயப்பர் (புனித பேதுரு) பெயரில் அமைந்த ஊர்க்காரர்கள் வேறு எதை நினைப்போம்? அங்கே போய்த் தாளை விரித்தபோது ஆசிரியை வெகு நேரம் பார்த்துவிட்டு, "அழகாக இருக்கிறது. ஆனால் எங்கள் பிள்ளைகள் கடல் பார்த்ததில்லை" என்றார். இன்னொன்றை அவர் சொல்லவில்லை. நாங்களே புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்த முன்பள்ளியின் பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்துக் குடும்பத்துப் பிள்ளைகள். மலையகத் தமிழரில் பெரும்பான்மையினரும் அப்படியே. பொதுச் சுவரில் நம் ஆயனை வரைந்துவிட்டு வந்தால், நாம் போன பிறகு அந்த ஆசிரியைதான் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

அன்று இரவு உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினோம். பிள்ளைகளிடம் தாளும் மெழுகு வண்ணக்குச்சியும் கொடுத்து, பயப்படாமல் உள்ளே வர என்ன வேண்டும் என்று வரையச் சொன்னோம். ஒருவன் நாய் வரைந்தான். ஒருத்தி அம்மாவின் கொழுந்துக் கூடையை மட்டும் வரைந்தாள், அம்மா இல்லை. மூன்று பேர் ரயில். அந்தக் கோணல் கோடுகளை அப்படியே கட்டம் போட்டுப் பெரிதாக்கிச் சுவரில் ஏற்றினோம். கைத்தேர்ச்சி உள்ளவனுக்கு ஒரு நான்கு வயதுப் பிள்ளையின் கோட்டைத் திருத்தாமல் வரைவது எவ்வளவு கடினம் என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

எனவே, தாளோடு போகாதீர்கள், வெறுங்கட்டத்தோடு போங்கள். முதல் நாள் முழுவதும் கேட்பதற்கே. சிரித்த முகத்தோடு கொழுந்து பறிக்கும் பெண்ணை மட்டும் தயவுசெய்து வரையாதீர்கள். தேயிலைப் பொட்டலத்தில் அவளை உலகமே பார்த்தாயிற்று. பிள்ளைகளின் கையை வண்ணத்தில் முக்கிச் சுவரில் பதிப்பதும் எனக்குப் பிடிப்பதில்லை. எல்லாக் குழுக்களும் அதைத்தான் செய்கின்றன, அதில் பிள்ளையின் எண்ணம் எதுவும் இல்லை. புத்தர் உருவத்தையும் தொடாதீர்கள். அங்கே அது மிகவும் கூருணர்வான விஷயம். அவர் சிலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுத்துக்கொள்வதே அவமதிப்பு.

அப்படியானால் விசுவாசம் எங்கே வருகிறது என்று சில இளைஞர்கள் முகம் வாடிக் கேட்பார்கள். காலை ஐந்தரை மணிக்கு நாங்கள் தங்கியிருந்த பங்குத்தந்தை இல்லத்தில் எங்களுக்குள் ஜெபம் இருந்தது. ஞாயிறன்று அங்குள்ள ஆலயத்தில் திருப்பலிக்குப் போனோம். சுவரருகே யாரிடமும் பிரசங்கம் செய்யவில்லை, துண்டுப் பிரசுரம் கொடுக்கவில்லை. அது போதாது என்று நினைப்பவர் இந்தக் குழுவுக்கு ஏற்றவர் அல்லர்.

வரலாறு கொஞ்சம்

புறப்படுவதற்கு முன் இரண்டு மாலை இதற்கு ஒதுக்குங்கள். தேயிலைக்கும் அதற்கு முன்பு காப்பிக்கும் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் இந்த மக்கள். 2023-இல், அங்கே வந்து 200 ஆண்டு நிறைந்ததை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தே போனார்கள். 1948-இல் வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964-இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது.

எங்கள் பையன் ஒருவன் லயத்து (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டு) வாசலில் ஒரு தாத்தாவிடம் உற்சாகமாக, "நீங்கள் ஏன் தாத்தா இந்தியாவுக்கு வரவில்லை?" என்று கேட்டுவிட்டான். அவர் பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். அவருடைய தம்பி அந்த ஒப்பந்தத்தில் நீலகிரிக்கு அனுப்பப்பட்டவர் என்றும், பிறகு இருவரும் பார்த்துக்கொள்ளவே இல்லை என்றும் மருமகள் சொன்னார். கேள்வி கேட்டவன் அன்று சாப்பிடவில்லை. முன்கூட்டிச் சொல்லிக்கொடுக்காதது என் தவறு.

மொழி ஒன்றுதான், சொற்கள் வேறு. பெயின்டுக்குத் தீந்தை என்பார்கள். பேசுவதைக் கதைப்பது என்பார்கள். குழந்தைகள் காப்பகத்தைத் தோட்டத்தில் பிள்ளைக்காம்பரா என்று சொல்வார்கள். சிரிக்காமல் கற்றுக்கொள்ளுங்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறன்று கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பு ஆலயங்களில் நடந்த குண்டுவெடிப்புகளை அங்கே யாரும் மறக்கவில்லை. ஆலய வாசலில் பையைத் திறந்து காட்டச் சொன்னால் முகம் சுளிக்காமல் காட்டுங்கள்.

காகித வேலை

பாஸ்போர்ட்டை ஆறு மாதம் முன்பே எடுங்கள். வடசென்னைக்காரர்களுக்கு அமைந்தகரை சேவை மையம் தோதுப்படும். 36 பக்கச் சாதாரண பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய். பயண நாளில் அது இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும். நம் ஆட்களின் சிக்கல் பெரும்பாலும் இனிஷியல்தான். ஆதாரில் 'அ. சூசை', பாஸ்போர்ட்டில் வெறும் 'சூசை', டிக்கெட்டில் அப்பா பெயரும் சேர்ந்து வரும். எங்கள் குழுவுக்கு டிக்கெட் போட்ட முகவர் ஒருவர் இப்படித் தம் விருப்பத்துக்குப் பெயரை நீட்டிவிட்டார். விமான நிலையத்தில் ஒரு பையன் அரை மணி நேரம் வெளிறிப்போய் நின்றான். பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்து எதுவோ அதுவே டிக்கெட்டிலும் விசாவிலும் இருக்க வேண்டும்.

இலங்கைக்கு இணையவழிப் பயண அனுமதி வாங்க வேண்டும். கட்டணமும் விதியும் அடிக்கடி மாறுவதால், டிக்கெட் எடுக்கும் முன் அந்த நாட்டு அரசின் அதிகாரபூர்வத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம் விசா வகை. சுற்றுலா என்று சொல்லிப் போய் மதக் கூட்டம் நடத்துவது அங்கே விதிமீறல். சுவர் வரைவது எந்த வகையில் வரும் என்று, உங்களை அழைத்தவர்களையே குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் எழுத்து மூலம் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அந்தக் கடிதத்தின் நகல் ஒவ்வொருவர் பையிலும் இருக்கட்டும். 18 வயது நிரம்பாதவர்களை நான் அழைத்துப் போவதில்லை. சட்டம் தடுக்கவில்லை, என் மனம்தான் ஒப்புவதில்லை.

பணம் அவரவர் செலவு. ஆலயத்தின் பெயரில் உண்டியல் குலுக்கி வெளிநாட்டில் கொண்டுபோய்க் கொடுப்பதற்குக் கணக்குத் தணிக்கையாளரைக் கேட்காமல் இறங்காதீர்கள். இந்திய நோட்டாக ஆளுக்கு 25,000 ரூபாய்க்கு மேல் வெளியே எடுத்துப் போக முடியாது. மீதியை அங்கீகரிக்கப்பட்ட மாற்றுநரிடம் டாலராக மாற்றிக்கொள்ளுங்கள்.

எப்போது, எத்தனை பேர், எதை எடுத்து

எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். ஒரு முன்பள்ளிச் சுவருக்கு இருபது பேர் போனால் பன்னிரண்டு பேர் செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

காலம் என்றால் ஜனவரி பிற்பகுதியிலிருந்து மார்ச் வரை மலையகத்தின் மேற்குச் சரிவுக்கு நல்லது. மே கடைசியில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் சுவர் காயாது. கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஏப்ரல் பிற்பகுதிதான் தோதுப்படும் என்றால், பிற்பகல் இடிமழையை நினைத்துக் காலையிலேயே வேலையை முடிக்கப் பாருங்கள். ஏப்ரல் நடுவில் வரும் புத்தாண்டை ஒட்டிச் சில நாட்கள் கடைகள் திறக்கமாட்டார்கள். ஒவ்வொரு முழுநிலா நாளும் அங்கே போயா விடுமுறை. அன்று ஒரு லிட்டர் பிரைமருக்காக நாங்கள் மூன்று ஊர் அலைந்தோம்.

எனாமல், தின்னர், டர்பன்டைன், ஸ்பிரே டப்பா எதையும் விமானத்தில் ஏற்றமாட்டார்கள். பெயின்ட் எல்லாம் அங்கேயே வாங்குங்கள். அந்த ஊர்க் கடைக்காரருக்கும் வியாபாரம் நடக்கும், பின்னால் அதே நிறம் அங்கேயே கிடைக்கும். எமல்ஷன் ஒரு லிட்டர், வழவழப்பான சுவரில் ஒரு பூச்சுக்கு 100 சதுர அடிக்கு மேல் வரும், சொரசொரப்பானதில் 70-க்கு இறங்கிவிடும். 20 அடி நீளம், 8 அடி உயரச் சுவர் என்றால் 160 சதுர அடி. அடிநிறம் இரண்டு பூச்சுக்கு நான்கு லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். இங்கிருந்து எடுத்துப் போக வேண்டியவை நல்ல பிரஷ்கள், நூல், டேப், உப்புத்தாள், பட்டித் தகடு. தகட்டைக் கைப்பையில் வைத்தால் பிடுங்கிக்கொள்வார்கள், பெட்டியில் போடுங்கள். ஸ்வெட்டர் கட்டாயம். நுவரெலியாப் பக்கம் இரவில் அடிக்கும் குளிர் நம் மார்கழியைப் போலப் பல மடங்கு. மழைக்காலத்தில் அட்டை கடிக்கும், உப்புப் பொட்டலம் உதவும்.

விம்கோ நகரிலிருந்து விமான நிலையத்துக்கு நேராக மெட்ரோ ரயில் 2021-இலிருந்து ஓடுகிறது. அதிகாலை விமானத்துக்கு மட்டும் அது உதவாது.

அங்கே போன பிறகு

முதல் வேலை, அந்த ஊர்ப் பெயின்டர் ஒருவரைத் தேடிப் பிடித்துக் கூலி பேசுவது. இலவசமாக வேலை செய்யப் போனவர்கள் கூலிக்கு ஆள் வைப்பதா என்று எங்கள் குழுவில் முணுமுணுத்தார்கள். ஆனால் நாம் ஒன்பது நாளில் திரும்பிவிடுவோம். மூன்றாம் ஆண்டு மழையில் ஒரு மூலை உரியும்போது அங்கே இருக்கப்போகிறவர் அவர். அவருக்கு அந்தச் சுவரின் ஈரம் தெரியும், எந்தக் கூரை ஒழுகும் என்று தெரியும். கடைசியில் படத்துக்குக் கீழே பெயர் எழுதுவதானால் அவர் பெயரையும் பிள்ளைகளின் பெயரையும் எழுதுங்கள். உங்கள் குழுவின் பெயர் வேண்டாம்.

மலையில் காலைப் பனி விலகாமல் பிரஷ்ஷை எடுக்காதீர்கள். சென்னையில் இரண்டு மணி நேரத்தில் காயும் பூச்சு அங்கே ஐந்தாறு மணி நேரம் எடுக்கும். காயும் முன் அடுத்த பூச்சு அடித்தால் தோல் உரிவது போல உரியும். அந்த இடைவெளியில் பிள்ளைகளோடு இருங்கள். எப்போதும் இரண்டு பெரியவர்கள், கதவு திறந்திருக்க வேண்டும், ஆசிரியை பக்கத்தில் இருக்க வேண்டும். பிள்ளைகளின் முகத்தைப் படம் எடுத்துப் போடவே கூடாது, சுவரை எடுங்கள். மிட்டாய் வாங்கிக் கொடுப்பதும் வேண்டாம். அடுத்து யார் போனாலும் பிள்ளைகள் கையைத்தான் பார்ப்பார்கள்.

கடைசி நாளை வரைவதற்கு வைக்காதீர்கள், ஒப்படைப்பதற்கு வையுங்கள். கட்டம் போட்ட தாளை ஆசிரியையிடம் கொடுங்கள். மிச்சமான பெயின்டைச் சிறு டப்பாக்களில் ஊற்றி, மூடி மேல் துணியைப் போட்டுச் சுத்தியலால் சுற்றிலும் தட்டி இறுக்கி, தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். நிறத்தின் எண்ணைத் தாளில் எழுதி ஒட்டினால் ஈரத்தில் போய்விடும். அந்தந்த டப்பாவின் அடியில், அந்தந்தப் பெயின்டாலேயே எழுதுங்கள்.